துப்பாக்கியைக் கீழே வைத்த பீட்டர் ஸ்காட்

1912-இல் தென் துருவத்திலிருந்து திரும்பும் வழியில் கேப்டன் ராபர்ட் ஸ்காட் பனியில் மாண்டபோது, லண்டனில் இருந்த அவர் மகன் பீட்டருக்கு வயது இரண்டரை. பையனுக்கு இயற்கையின்மீது நாட்டம் உண்டாக்கும்படி மனைவிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் அவர் கேட்டிருந்தார்.

நாட்டம் வந்தது, ஆனால், துப்பாக்கியோடு வந்தது. கேம்பிரிட்ஜில் படித்த நாள்களில் சதுப்பு நிலங்களில் காட்டு வாத்துகளைச் சுடுவதில் பீட்டருக்குப் பெரும் பித்து. சுட்ட பறவைகளையே ஓவியமாக வரைந்து பெயரும் பெற்றார். ஒருமுறை கால்கள் முறிந்த வாத்து ஒன்று, யாரும் நெருங்க முடியாத சேற்றில் மறுநாளும் உயிரோடு கிடந்தது. அந்தக் காட்சி அவரை விடவில்லை. பின்னர் வேட்டையை அறவே கைவிட்டார்.

1946-இல் ஸ்லிம்பிரிட்ஜில் நீர்ப்பறவைச் சரணாலயம் அமைத்தார். அழிவின் விளிம்பில் இருந்த ஹவாய் தீவின் நேனே வாத்துகளில் ஒரு ஜோடி அங்கு வந்தது. இரண்டும் முட்டையிட்டன! பிறகுதான் ஆண் வாத்து ஒன்று விமானத்தில் வரவழைக்கப்பட்டது. அவற்றின் வாரிசுகள் 1960களில் தாய்மண்ணுக்கே திருப்பி அனுப்பப்பட்டன.

1955 முதல் பிபிசி தொலைக்காட்சியில் 'லுக்' நிகழ்ச்சியை வழிநடத்தி, வனவிலங்குகளை வீட்டுக் கூடத்துக்கே கொண்டு வந்தார். 1961-இல் உலக வனவிலங்கு நிதியத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். அதன் கறுப்பு வெள்ளை பாண்டா சின்னம் முதலில் உருவானதும் அவர் கைவண்ணத்தில்தான். அச்சுச் செலவு குறையும் என்பதும் அந்த வண்ணத் தேர்வுக்கு ஒரு காரணம்.

1973-இல் சர் பட்டம் பெற்றார். திமிங்கில வேட்டைக்கு எதிராகவும் ஓயாது குரல் கொடுத்தார். 1989 ஆகஸ்டில், 80-வது பிறந்தநாளுக்கு இரு வாரங்களே இருந்த நிலையில் காலமானார்.