பகிர்ந்தளித்த காசிம்

புத்தளத்திற்கு வடக்கே கடலோரம் அமைந்த கரைத்தீவில் நான் சில காலம் தமிழ் கற்பித்தேன். சுவாமி விபுலானந்தர் பிறந்த காரைதீவு கிழக்கிலங்கையில் உள்ளது, இது வேறு. ஒருநாள் வருகைப் பதிவு செய்கையில், காசிம் என்னும் மாணவன் தன் பெயருக்குப் பொருள் யாதெனக் கேட்டான். இளங்கோவுக்கும் வள்ளுவனுக்கும் விளக்கம் கூறப் பழகிய என் நா எழவில்லை. அன்று மாலை கடற்கரையில் மீன் கரையேறியதும் ஒருவர் நின்று பங்கு பிரித்துக் கொடுப்பதைக் கண்டேன். அவரே அம்மாணவன் கேட்ட பொருள் என்பதைப் பின்னரே அறிந்தேன்.

பங்கிடுதல் என்னும் பொருள்தரும் அரபு வேரிலிருந்து பிறந்தது காசிம். பகிர்ந்தளிப்பவன் என்பது அதன் பொருள். விதியைக் குறிக்க வடநாட்டார் வழங்கும் கிஸ்மத் என்னும் சொல்லும் அவ்வேரினதே. ஒருவனுக்கு அளக்கப்பட்ட பங்கே அவன் விதி என்பது கருத்து. நபிகள் நாயகத்தின் மகன் காசிம் குழந்தைப் பருவத்திலேயே மறைந்தார். அதனால் அபுல் காசிம், அதாவது காசிமின் தந்தை, என்பது நாயகத்தின் சிறப்புப் பெயராயிற்று. இறைவன் வழங்குகின்றான், தாம் பகிர்ந்தளிப்பவர் மட்டுமே என்று நாயகம் கூறியதாகவும் நபிமொழித் தொகுப்புக்களிற் காணலாம். புத்தளத்து அரபுக் கல்லூரியும் காசிமிய்யா என்றே பெயர் பெற்றுள்ளது.

இப்பெயரின் பொருளைத் தம் வாழ்வாலேயே விளக்கிய ஒருவர் ஈழநாட்டில் வாழ்ந்தார். அவர் முகம்மது காசிம் சித்திலெப்பை.

1838 ஆம் ஆண்டு கண்டியிற் பிறந்த அவர், சட்டம் பயின்று வழக்கறிஞரானார். பொருளும் புகழும் தரும் அத்தொழிலோடு அவர் அமைந்திருக்கலாம். ஆனால் அக்காலத்து முஸ்லிம்கள், மதம் மாற்றிவிடுவரோ என்னும் அச்சத்தால், பிள்ளைகளை ஆங்கிலப் பாடசாலைகளுக்கு அனுப்பத் தயங்கினர். அவ்வச்சம் காரணமற்றதன்று, எனினும் அதன் விலை அறியாமையாக இருந்தது. சமயத்தையும் இழவாமல் கல்வியையும் இழவாமல் வாழும் வழியைத் தேடுவதே அவர் பணியாயிற்று.

1882 இல் முஸ்லிம் நேசன் என்னும் இதழைத் தொடங்கினார். மறு ஆண்டு எகிப்தியப் புரட்சித் தலைவர் ஒறாபி பாஷா இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டு வந்தார். இருவரும் கல்விப் பணியில் நெருங்கினர். 1884 இல் கொழும்பில் சித்திலெப்பை தொடங்கிய பாடசாலை போதிய ஆதரவின்றித் தளர்ந்தது. பிறர் மனம் சோர்ந்திருப்பர், அவர் சோர்ந்திலர். அன்பர் பலரின் துணையோடு 1892 இல் மருதானையில் எழுந்த பாடசாலையே பிற்காலத்துச் சாகிறாக் கல்லூரி. ஒளிர்வது என்பது அப்பெயரின் பொருள். பெண்களின் கல்வியையும் அவர் மறந்தாரல்லர். கண்டியில் அவர்களுக்கெனப் பாடசாலை நிறுவினார்.

1885 இல் வெளிவந்த அசன்பே சரித்திரம், ஈழத்துத் தமிழ் நாவலுக்குத் தொடக்கமாகப் போற்றப்படுவது. எகிப்திற் பிறந்து, குழந்தையாகவே கவரப்பட்டு, இந்தியாவில் வளர்ந்த ஒருவனின் கதை அது. அழகன், நல்லவன் எனப் பொருள்படும் ஹஸன், தமிழின் நாவில் அசன் ஆகின்றான். பே என்பது துருக்கியர் வழங்கிய பட்டம். அரபும் துருக்கியும் தமிழும் ஒரு நூற்பெயருள் இணைந்து நிற்பது, இக்கடற்கரை மக்களின் வரலாற்றையே சுருங்கச் சொல்வது போன்றது. உலகத்தின் இரகசியங்கள் எனப் பொருள்படும் அஸ்றாறுல் ஆலம் என்னும் ஞானநூலை 1897 இல் வெளியிட்டு, மறு ஆண்டே அவர் மறைந்தார்.

மறுநாள் வகுப்பில் அம்மாணவனை எழுப்பி, அவன் பெயரின் பொருளைக் கூறி, இவ்வரலாற்றையும் சொன்னேன். அவன் சிறிது சிந்தித்துத் தன் தந்தையும் கடற்கரையில் பங்கு பிரிப்பவர்தாம் என்றான். மீனைப் பங்கிட்டால் ஒவ்வொருவர் கூறும் சிறுகும். கல்வியோ பங்கிடப் பங்கிடப் பெருகும். சித்திலெப்பை பகிர்ந்தது இரண்டாவதனை. அந்தப் பங்கில் ஒரு சிறு கூறேனும் இக்கரைச் சிறுவர்க்குச் சேர்ப்பது ஆசிரியராகிய நம் கடன்.