குளத்துப் பாசியில் புதையல் கண்டவர்

வேலம்பாளையத்துப் பனியன் தொழிலாளிக்கு நூலைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? இழையோடு இழை பின்னினால் துணி. குளத்திலும் அப்படி ஒரு துணி உண்டு. அதுதான் பாசி!

வற்றிய குளத்தில் பச்சையாகப் படிந்து, வெயிலில் காய்ந்து, அப்பளம் போலச் சுருண்டு உரிகிறதே, அதைத்தான் சொல்கிறேன். கண்ணுக்குத் தெரியாத இழைகள் ஆயிரமாயிரம் பின்னிக் கொள்கின்றன. வழவழப்பான பசையை விட்டு, வண்டல் மண்ணையும் சேர்த்துக் கட்டி விடுகின்றன. தண்ணீர் இருக்கும்போது வெயில் பட்டால் அவை பிராணவாயுவை விடும். குமிழிகள் உள்ளே சிக்கும். படலம் பிய்ந்து மேலே மிதக்கும்.

நாம் வழுக்கி விழாமல் ஒதுங்கிப் போவோம். ஒருவர் ஒதுங்கவில்லை. அள்ளிக் கொண்டு போய்ப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். அவர்தான் எம்.ஓ.பி. அய்யங்கார்.

மண்டயம் ஓசூரி பார்த்தசாரதி அய்யங்கார் 1886-ம் ஆண்டு சென்னையில் பிறந்தார். மாநிலக் கல்லூரியில் படித்தார். பின்னர் அங்கேயே தாவர நூல் பேராசிரியர் ஆனார். 1930-ல், நாற்பதைக் கடந்த வயதில், மறுபடியும் மாணவராக லண்டன் சென்றார்! பாசி ஆராய்ச்சியில் பெரும் பெயர் பெற்ற பிரிட்ச் என்பவரிடம் பயின்று டாக்டர் பட்டம் பெற்றார்.

1932-ல் ஒரு புதிய பாசியை உலகுக்கு அறிவித்தார். மழைநீர் தேங்கி வற்றும் ஈர மண்ணில் வளர்வது அது. ஒரு பகுதியைக் கிழங்கு போல மண்ணுக்குள் வைத்துக் கொள்கிறது. வேர் போன்ற இழையைக் கீழே விடுகிறது. கிளைகளை மேலே நீட்டுகிறது. மண் காய்ந்தால் மேல் பகுதி மடியும். கிழங்கு பிழைத்திருந்து மறுபடி துளிர்க்கும்.

நீரில் தோன்றிய தாவரம் நிலத்துக்கு ஏறியது எப்படி? அந்தப் பெரிய புதிருக்கு விடை சொல்லும் பாசி என்று இதைப் பாடப் புத்தகங்கள் கொண்டாடின. நிலத்துச் செடிகளுக்கு இது நேர் மூதாதை அல்ல, வேறொரு கிளை என்று பின்னாளில் தெரிந்தது. அப்படியானால் கரையேறும் வித்தையை இது தனியாகவே கற்றுக் கொண்டிருக்கிறது. அது இன்னும் பெரிய ஆச்சரியம் அல்லவா?

அதற்குக் குருவின் பெயரையே வைத்தார்: பிரிட்சியெல்லா.

சென்னைப் பல்கலைக் கழகத் தாவர ஆய்வுக்கூடத்துக்குத் தலைமை வகித்து, 1944-ல் ஓய்வு பெற்றார். அவருடைய மாணவர் டி.வி. தேசிகாச்சாரி, நீலப் பச்சைப் பாசிகளைப் பற்றிய பெரிய நூலை 1959-ல் வெளியிட்டார். குளத்துப் படலத்தைப் பின்னுவதில் பெரும் பங்கு இந்த இனத்துக்குத்தான். பெயர்தான் பாசி, உண்மையில் பாக்டீரியா இனம். மாணவரின் அந்த நூலைப் பார்த்த பிறகே, 1963-ல் அய்யங்கார் காலமானார்.