விவேகானந்தர் வாழ்வில் அதிகம் பேசப்படாத ஓர் ஏடு

அமெரிக்க நாட்டை உருவாக்கிய பெருமக்களுள் பெஞ்சமின் பிராங்க்ளினும் ஜார்ஜ் வாஷிங்டனும் பிரீமேசன் சங்கத்தவர் என்பதை நம்மில் பலர் படித்திருப்போம். நம் நாட்டுத் துறவி ஒருவரும் இளமையில் அச்சங்கத்தில் சேர்ந்திருந்தார் என்பது பலருக்கு வியப்பளிக்கும். அவர் வேறெவரும் அல்லர், சுவாமி விவேகானந்தரே.

கல்தச்சர்களின் பழைய தொழிற்குழுக்களின் மரபைப் பின்பற்றி எழுந்தது அச்சங்கம். அதன் முதற் பேரவை 1717-இல் இலண்டனில் கூடிற்று. இறைவன் உண்டென்று ஏற்பவர் எச்சமயத்தவராயினும் சேரலாம். மன்றத்துள் சமயப் பூசலும் அரசியலும் பேசலாகாது. விதி இவ்வாறிருந்தும், இந்துக்கள் பல தெய்வம் தொழுபவர் என்று காரணங்காட்டிக் கல்கத்தாவில் நெடுநாள் கதவடைத்து வைத்திருந்தனர். பிரசன்ன குமார் தத்தர் என்பார் பல்லாண்டு போராடி 1872-இல் இடம் பெற்றார். அவரை ஏற்ற 'ஆங்கர் அண்டு ஹோப்' லாட்ஜிலேதான் (தங்கும் விடுதியன்று, அச்சங்கத்தார் தம் மன்றத்துக்கு இட்ட பெயர்) 1884 பிப்ரவரி 19 அன்று இருபத்தொரு வயது நரேந்திரநாத தத்தர் தீட்சை பெற்றார்.

சில நாட்களுக்குள் தந்தை விசுவநாத தத்தர் காலமானார். உயர்நீதிமன்றத்தில் வழக்கறிஞர் தொழில் புரிந்து நிரம்ப ஈட்டியவர்; ஈட்டியதினும் மிகுதியாகச் செலவிட்டவர். எஞ்சியது கடனே. உறவினரோ வீட்டின்மீது வழக்குத் தொடுத்தனர். தாயும் தம்பியரும் வாட, படித்த மகன் வெயிலில் வெறுங்காலோடு அலுவலகந்தோறும் ஏறி இறங்கினார். உணவு குறைந்த நாட்களில், வெளியே விருந்துண்டதாகச் சொல்லித் தம் பங்கையும் பிறர்க்கு விட்டுவிடுவாராம். அத்துன்பத்தினிடையேதான் ஏப்ரல் 15-இல் சங்கத்தின் இரண்டாம் படியையும், மே 20-இல் மூன்றாம் படியையும் எய்தினார். நிலையான வேலை மட்டும் கிட்டவில்லை.

அந்நாளில் தட்சிணேசுவரத்தில் ஸ்ரீராமகிருஷ்ணரிடம் சென்று, குடும்ப வறுமை தீரக் காளியிடம் வேண்டுமாறு இரந்தார். நீயே கேள் என்று அனுப்பினார் குரு. மும்முறை சந்நிதி சென்றார். மும்முறையும் ஞானமும் பக்தியும் கேட்டாரேயன்றிப் பொருள் கேட்க நா எழவில்லை. அவர் வாழ்வு திரும்பிய இடம் இதுவென்றே நாம் கருதுகிறோம்.

1886-இல் குரு மறைந்தார். பின்னர்த் துறவு பூண்டு நாடெங்கும் திரிந்தவர், 1892-இல் அந்நாளில் பம்பாய் எனப்பட்ட நம் நகருக்கும் வந்தார். அங்கிருந்து தெற்கே சென்று, ஆண்டிறுதியில் கன்னியாகுமரி கண்டு, சென்னை சேர்ந்தார்.

அமெரிக்கப் பயணத்துக்குப் பொருள் திரட்டியவர் அளசிங்கப் பெருமாள் என்னும் திருவல்லிக்கேணி ஆசிரியர். சொற்ப ஊதியக்காரர். அவரும் நண்பர்களும் வீடுவீடாகச் சென்று நடுத்தரக் குடும்பத்தாரிடம் கையேந்தினர். முதலில் திரண்ட தொகையை ஏழைகளுக்குப் பங்கிடச் சொல்லிவிட்டார் சுவாமி! அளசிங்கர் சலிக்கவில்லை, மறுபடியும் தண்டினார். கேத்ரி மன்னரும் உதவினார். வழியனுப்ப அளசிங்கர் பம்பாய் வரை வந்தார். 1893 மே 31 அன்று நம் துறைமுகத்திலிருந்துதான் 'பெனின்சுலர்' கப்பல் சுவாமியை ஏற்றிச் சென்றது. தேவ்நாரில் வாழும் நாம் துறைமுகப் பக்கம் செல்லும்போதெல்லாம் அந்த ஆசிரியரையும் சேர்த்தே நினைக்கிறோம்.

ஜூலை இறுதியில் சிகாகோ சேர்ந்தவருக்கு மாநாடு செப்டம்பரில்தான் என்பது தெரியவந்தது. கைப்பொருள் கரைந்தது; சென்னைக்குத் தந்தி பறந்தது; திருவல்லிக்கேணி மீண்டும் பணம் அனுப்பியது. செப்டம்பர் 11-இல் நிகழ்ந்ததை உலகறியும்.

1897 ஜனவரியில் பாம்பனில் கரையிறங்கியவரை இராமநாதபுரம் சேதுபதி எதிர்கொண்டார். சென்னையில் ஒன்பது நாள் தங்கினார். 1902 ஜூலை 4 அன்று பேலூர் மடத்தில் முப்பத்தொன்பது வயதில் மறைந்தார். அமெரிக்கர் தம் விடுதலையைக் கொண்டாடும் நாள் அது. 1898-இல் காஷ்மீரத்திலிருந்தபோது அந்நாளைப் போற்றி அவரே ஒரு கவிதை இயற்றியிருந்தார்.