சொல் தேடிய சவேரியார்

எந்த நாட்டில் கால் வைத்தாலும் அந்நாட்டுப் பாஷை புனித சவேரியாரின் நாவில் தானாக வந்துவிடும் என்று சிறு வயதில் கேட்டிருக்கிறோம். அவரே எழுதிய கடிதங்கள் வேறு கதை சொல்லுகின்றன. மொழி அவருக்கு எளிதில் வரவில்லை. வராத மொழிகளோடு அவர் பத்தாண்டுகள் போராடினார். எனக்கு இந்தச் சவேரியாரைத்தான் அதிகம் பிடிக்கிறது.

1506-இல் நவார் நாட்டில் பிறந்த அவருக்குத் தாய்மொழி பாஸ்கு. பாரிஸ் பல்கலைக்கழகத்தில் 1530-இல் முதுகலைப் பட்டம் பெற்று, அங்கேயே தத்துவம் போதித்தார். புனித இஞ்ஞாசியாரின் நட்பால் துறவியாகி, 1542-இல் கோவாவுக்கும், அதே ஆண்டு நமது முத்துக்குளித்துறைக்கும் வந்து சேர்ந்தார்.

தூத்துக்குடியில் தமிழும் போர்ச்சுக்கீசியமும் தெரிந்த சிலரைக் கூட்டி, செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று பிள்ளைகளை அழைத்துக் கற்பித்தார். ஆனால் ஒரு பிழை நேர்ந்திருந்தது. விசுவாசப் பிரமாணத்தில், விசுவசிக்கிறேன் என்று வரவேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்று மொழிபெயர்ப்பாளர்கள் போட்டுவிட்டார்கள்! சுமார் ஒன்றரை ஆண்டு கழித்து, 1544-இல், அது விருப்பத்தைக் குறிக்கும் சொல் என்று கண்டுகொண்டு, அதைத் திருத்தும்படி உடன் ஊழியரான மன்சிலாசுக்குக் கடிதம் எழுதினார்.

1547-இல் மலாக்காவில் அஞ்சிரோ என்ற ஜப்பானியரைச் சந்தித்தார். அஞ்சிரோ கோவாவில் ஞானஸ்நானம் பெற்று, சில மாதங்களிலேயே போர்ச்சுக்கீசியம் கற்றுக்கொண்டார். எங்களைப்போல் இடமிருந்து வலமாக ஏன் எழுதுவதில்லை என்று சவேரியார் கேட்டாராம். மனிதனுக்குத் தலை மேலும் கால் கீழும் இருப்பதால் எழுத்தும் மேலிருந்து கீழே வருவதே முறை, நீங்கள் ஏன் அப்படி எழுதுவதில்லை என்று அவர் திருப்பிக் கேட்டார். மாணவிகளே, இதற்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

1549 ஆகஸ்டு 15 அன்று இருவரும் மற்றத் தோழர்களுடன் ககோஷிமாவில் இறங்கினார்கள். மக்கள் தம்மைப்பற்றி ஏதேதோ பேச, ஒன்றும் புரியாமல் சிலைகள்போல் நிற்பதாகவும், குழந்தைகளைப்போல் மீண்டும் கற்கவேண்டியிருப்பதாகவும் எழுதினார் அந்தப் பாரிஸ் பட்டதாரி. (நம் ஊர் மலையைச் சுற்றிவரும் வெளிநாட்டார் கடைத்தெருவில் தமிழ் தெரியாமல் தவிப்பதைப் பார்க்கும்போது எனக்கு இது நினைவுக்கு வரும்.)

அங்கும் ஒரு சொல் காலை வாரியது. கடவுள் என்பதற்கு ‘தைனிச்சி’ என்ற சொல்லை அஞ்சிரோ தந்திருந்தார். அது ஷிங்கோன் பிரிவினர் வணங்கும் வைரோசன புத்தரின் பெயர். அப்பிரிவுத் துறவிகள் இவரைத் தம்மவராகவே எண்ணி மகிழ்ந்து வரவேற்றார்கள். அஞ்சிரோமீது குறை சொல்வதற்கில்லை. ஜப்பானின் சமய நூல்கள் சீன எழுத்தில் இருந்தன. அவற்றை வாசிக்கும் கல்வி அவருக்கு இல்லை. 1551-இல் யாமகுச்சியில் உண்மை தெரிந்ததும், தைனிச்சியை வணங்கவேண்டாம் என்று தெருவில் சொல்லும்படி, ஜப்பானிய மொழியில் தேர்ந்த சகோதரர் பெர்னாண்டசை அனுப்பினார். அதன்பின் ‘தேயுஸ்’ என்ற இலத்தீன் சொல்லையே வைத்துக்கொண்டார். அதை ‘தை உசோ’, அதாவது பெரும் பொய், என்று எதிரிகள் கேலி செய்தார்கள்.

ஹியே மலையிலும் அஷிகாகாவிலும் பெரிய கல்விக்கூடங்கள் உண்டென்று கேள்விப்பட்டு, அங்கே வாதிடத்தக்க படிப்புள்ளவர்களை அனுப்பும்படி ஐரோப்பாவுக்கு எழுதினார். ஹியே மலைக்குள் அவரை விடவில்லை. உங்கள் போதனை உண்மையானால் சீனர்கள் அதை அறியாதது ஏன் என்று ஜப்பானியர் கேட்டது அவர் மனத்தில் தைத்தது. சீன எழுத்தில் ஒரு நூலை ஆயத்தப்படுத்திக்கொண்டு சீனாவுக்குப் புறப்பட்டார்.

சாங்சுவான் தீவைத் தாண்ட முடியவில்லை. கூட வந்த சீன இளைஞர் அந்தோனியோ கோவாவில் பல ஆண்டுகள் படித்ததில் தம் தாய்மொழியையே மறந்திருந்தார். 1552 டிசம்பர் 3 அன்று, 46-ஆம் வயதில், சவேரியார் அத்தீவில் இறந்தார். காய்ச்சல் வேகத்தில் அந்தோனியோவுக்குப் புரியாத ஏதோ ஒரு மொழியில் பேசினார். அது பாஸ்காக இருக்கலாம் என்கிறார்கள்.

அதற்கு இரண்டு மாதம் முன்புதான் இத்தாலியில் மத்தேயோ ரிச்சி பிறந்திருந்தார். கொச்சியில் குருப்பட்டம் பெற்ற அவர் 1582-இல் மக்காவ் சென்று, சீன மொழியை முறையாகக் கற்று, சீனத்திலேயே நூல்கள் எழுதினார். 1603-இல் நாகசாகியில் இயேசு சபையார் ஒரு ஜப்பானிய–போர்ச்சுக்கீசிய அகராதியை அச்சிட்டனர். அதில் 32,000-க்கும் மேற்பட்ட சொற்கள் இருந்தன.