பார்வை இழந்த பின்னும் கணித்தவர்

ரொக்கெட்டுகள் பற்றி வாசித்தபோது எனக்கு வியப்பளித்தது, அவற்றின் உடற்சுவர் மிக மெல்லியது என்பதே. பாரத்தைக் குறைக்க அப்படிச் செய்கிறார்கள். ஆனால் மெல்லிய சுவர் அழுத்தத்தால் சட்டெனப் பக்கவாட்டில் நெளிந்து மடியக்கூடும். இதற்கான காரணத்தைத் தேடியபோதுதான் லியோனாட் ஒயிலரை அறிந்தேன்.

அவர் 1707 ஏப்ரல் 15ஆம் திகதி சுவிற்சர்லாந்தின் பேசல் நகரில் பிறந்தார். கிறிஸ்தவ போதகரான தந்தை, மகனும் போதகராக வேண்டுமென விரும்பினார். ஆனால் கணிதப் பேராசிரியர் யோகான் பேர்ணூலி மாணவனின் திறமையை எடுத்துக் கூறவே, தந்தை தம் விருப்பத்தை விட்டுக்கொடுத்தார். பெண்பிள்ளைக்குக் கணிதப் பிரிவு எதற்கு என்று கேட்கப்படும் நம் வீடுகளில், அந்தத் தந்தையின் முடிவைப் பெற்றோர் எண்ணிப்பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

1727இல் ரஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க் சென்றார். 1741இல் பேர்லினுக்குச் சென்றார். 1744இல் வெளியான நூலின் பின்னிணைப்பில், அழுத்தப்படும் மெல்லிய கோலொன்று எவ்வளவு பாரத்தில் வளையத் தொடங்கும் என்பதற்குச் சூத்திரம் தந்தார். அடிமட்டத்தை நிமிர்த்தி வைத்து மேலிருந்து அழுத்திப் பாருங்கள். அது நொருங்குவதில்லை, பக்கமாக வளைகிறது. கோலின் நீளம் இரு மடங்கானால் அது தாங்கும் பாரம் நான்கில் ஒன்றாகக் குறையும். பொருளின் வலிமையை விட அதன் விறைப்பும் வடிவமுமே இங்கு முக்கியம்.

ரொக்கெட்டின் வளைந்த மெல்லோட்டுக்கு இச்சூத்திரம் மட்டும் போதாது. அதில் உள்ள சிறு கோணல்கூடத் தாங்குதிறனை வெகுவாகக் குறைத்துவிடும். ஆகவே பொறியியலாளர்கள் உட்புறத்தில் விலா எலும்புகள் போன்ற பட்டிகளை அமைக்கிறார்கள். அமெரிக்காவின் ஆரம்பகால அட்லஸ் ரொக்கெட்டுகளின் எஃகுத் தாங்கிகளோ, உள்ளே வாயு அழுத்தம் இருந்தாலன்றித் தம் உருவத்தையே காக்க முடியாத அளவுக்கு மெல்லியவையாக இருந்தன. இந்த ஆய்வுகளுக்கெல்லாம் அத்திவாரம் ஒயிலரின் அந்தக் கோல்தான்.

முப்பது வயதைத் தாண்டியதும் அவரது வலக்கண் பார்வை மங்கியது. 1766இல் மீண்டும் சென் பீற்றர்ஸ்பேர்க் சென்ற பின் இடக்கண்ணும் கைவிட்டது. 1771இல் அவரது வீடு தீப்பற்றியது. 1773இல் மனைவி காலமானார். பதின்மூன்று பிள்ளைகளில் ஐவரே குழந்தைப்பருவத்தைத் தாண்டினர். இருந்தும் மனத்தாலேயே கணித்து, மகன்மாரும் உதவியாளர்களும் எழுத, சந்திரனின் இயக்கம் பற்றிய பெருநூலை 1772இல் வெளியிட்டார். அவரது 800க்கும் மேற்பட்ட ஆக்கங்களில் ஏறத்தாழப் பாதி இந்த இறுதிக் காலத்தவை.

கண் அல்லாஹ் தந்த அருட்கொடை. அது உள்ள நாம் படிப்பதற்கு எத்தனை சாட்டுகள் சொல்கிறோம் என எண்ணும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

1783 செப்டெம்பர் 18ஆம் திகதி அவர் மறைந்தார். அன்றும் வானில் எழும் பலூனின் இயக்கத்தைக் கணித்திருந்தார். புதிதாகக் கண்டறியப்பட்ட யுரேனசின் பாதை பற்றியும் உரையாடினார்.