ஞாயிறு காலையை மாற்றிய ராமானந்த சாகர்

தூர்தர்ஷனில் ராமாயணத் தொடர் 1987 ஜனவரி 25-ம் தேதி தொடங்கியபோது அதன் இயக்குநர் ராமானந்த சாகருக்கு வயது 69. தொலைக்காட்சியைத் திரையுலகினர் ஒரு படி தாழ்வாகவே பார்த்த காலம் அது. வெற்றிப் படங்கள் பல தந்த இயக்குநர், ஓய்வு பெற வேண்டிய வயதில் சின்னத்திரைக்கு வந்தது பலருக்கு வியப்பளித்தது.

லாகூர் அருகே 1917 டிசம்பர் 29-ல் பிறந்தவர் சாகர். இயற்பெயர் சந்திரமௌலி சோப்ரா. தத்தெடுத்து வளர்த்த பாட்டி வைத்த பெயரே ராமானந்த். பியூன், லாரி கிளீனர், சோப்பு வியாபாரி என்று கிடைத்த வேலைகளைப் பகலில் செய்து, இரவில் படித்தார். சம்ஸ்கிருதத்திலும் பாரசீகத்திலும் தேர்ச்சி பெற்றார்.

நாட்டுப் பிரிவினை அவரை அகதியாக்கியது. அந்தக் கொடுமைகளை வைத்து உருதுவில் அவர் எழுதிய 'அவுர் இன்சான் மர் கயா' (மனிதன் மாண்டான்) என்ற நாவல் 1948-ல் வெளிவந்தது. மதவெறியில் மனிதத்தன்மை மடிவதைச் சொல்லும் கதை அது. சாகரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர். பின்னாளில் எழுந்த சர்ச்சைகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய நூல் இது.

ராஜ் கபூரின் 'பர்சாத்' (1949) படத்தின் கதை அவருடையது. சென்னை ஜெமினி நிறுவனத்துடனும் அவருக்கு நெருங்கிய தொடர்பு இருந்தது. தமிழில் 'இரும்புத் திரை'யாக வந்த கதையின் ஹிந்தி வடிவமான 'பைகாம்' (1959) படத்துக்கு வசனம் எழுதி ஃபிலிம்பேர் விருது பெற்றார். ஜெமினிக்காக 'கூங்கட்', 'ஜிந்தகி' படங்களை இயக்கினார். 'ஆர்ஸு' காதல் கதை. 'ஆங்கேன்' (1968) உளவாளிக் கதை. பிந்தையது சிறந்த இயக்குநருக்கான ஃபிலிம்பேர் விருதைத் தேடித் தந்தது.

தொலைக்காட்சியில் அவர் முதலில் வெள்ளோட்டம் பார்த்தது 1985-ல் வந்த 'விக்ரம் அவுர் பேதாள்' தொடரில்தான். அதில் விக்கிரமாதித்தனாக நடித்த அருண் கோவிலே அடுத்து ராமரானார். குஜராத்தின் உம்பர்காவில் படப்பிடிப்பு நடந்தது. வால்மீகி, துளசிதாசரோடு கம்பரையும் ஆதாரமாகக் கொண்டார் சாகர். முதலில் 52 வாரங்களுக்குத் திட்டமிடப்பட்ட தொடர் 78 வாரங்களாக நீண்டது. ஒளிபரப்பு நேரத்தில் தெருக்கள் வெறிச்சோடின. பல வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மாலையிட்டு ஊதுவத்தி ஏற்றினர்.

எதிர்ப்பும் எழாமல் இல்லை. அரசுத் தொலைக்காட்சி ஒரே ஒரு ராமகதையை முன்னிறுத்துவது, நாடெங்கும் வழங்கும் மற்ற ராமகதைகளை ஓரங்கட்டிவிடும் என்று வரலாற்றாசிரியர் ரொமிலா தாப்பர் உள்ளிட்டோர் எச்சரித்தனர். சீதையாக நடித்த தீபிகாவும் ராவணனாக நடித்த அரவிந்த் திரிவேதியும் 1991-ல் பா.ஜ.க. சார்பில் மக்களவைக்குத் தேர்வானபோது அரசியல் விவாதம் மேலும் சூடுபிடித்தது.

ஆனால் பட்டாபிஷேகத்தோடு தொடரை முடித்தபோது கொதித்தெழுந்தவர்கள் வேறு மக்கள். வால்மீகியைத் தங்கள் முன்னோராகப் போற்றும் துப்புரவுத் தொழிலாளர்கள், உத்தரகாண்டத்தையும் காட்டக் கோரி 1988-ல் ஜலந்தரில் வேலைநிறுத்தம் செய்தனர். லவ-குசர் கதை தொடராக வந்தது அதன் பிறகே.

தொண்ணூறுகளில் 'ஸ்ரீகிருஷ்ணா' தொடரைத் தயாரித்த சாகருக்கு 2000-ல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. 2005 டிசம்பர் 12-ல் மும்பையில் அவர் காலமானார். கரோனா ஊரடங்கின்போது, 2020 மார்ச் 28 முதல் தூர்தர்ஷன் அவரது ராமாயணத்தைக் காலையும் இரவும் மறு ஒளிபரப்பு செய்தது.