எவரெஸ்ட் சரிவிலிருந்து புனே ஆய்வகம் வரை: படிகங்களை ஆராய்ந்த ஜார்ஜ் இங்கிள் ஃபிஞ்ச்

புனே: எவரெஸ்ட் சிகரத்தில் 1953-ஆம் ஆண்டு மே 29-ஆம் தேதி எட்மண்ட் ஹிலாரியும் டென்சிங் நோர்கேவும் கால் பதித்தபோது, அவர்கள் முதுகில் ஆக்சிஜன் உருளைகள் இருந்தன. அவ்வாறு ஆக்சிஜனைச் சுமந்து ஏறுவதே சரியான வழி என 31 ஆண்டுகளுக்கு முன்பே அதே மலையில் செய்து காட்டிய மனிதர், அப்போது புனேயில் தேசிய வேதியியல் ஆய்வகத்தின் இயக்குநராகப் பணியாற்றிக் கொண்டிருந்தார். அவர் ஜார்ஜ் இங்கிள் ஃபிஞ்ச்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் உள்ள ஆரஞ்ச் நகரில் 1888-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4-ஆம் தேதி பிறந்தவர் ஃபிஞ்ச். சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் வேதியியல் பயின்றார். ஆல்ப்ஸ் மலைகளில் ஏறப் பழகியதும் அக்காலத்தில்தான். பின்னர் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஆசிரியப் பணியில் சேர்ந்தார்.

எவரெஸ்ட் உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். எனவே அங்கே ஆக்சிஜன் உதவி இன்றியமையாதது என்று வேதியியலாளரான ஃபிஞ்ச் கருதினார். மலையேறுவோரில் ஒரு சாராரோ அதை நேர்மையற்ற முறை என்று இகழ்ந்தனர். பலூன் துணியில் வாத்தின் மென்சிறகை அடைத்து அவர் தைத்துக்கொண்ட மேலங்கியும் கேலிக்குள்ளானது.

1922-ஆம் ஆண்டு மே 27-ஆம் தேதி கேலிக்கு விடை கிடைத்தது. மலையேற்ற அனுபவம் அதிகம் இல்லாத ஜெஃப்ரி புரூஸுடன் ஆக்சிஜன் கருவியைச் சுமந்து, ஏறத்தாழ 8,320 மீட்டர் உயரத்தை ஃபிஞ்ச் எட்டினார். அதுவரை மனிதர் எவரும் அவ்வளவு உயரத்திற்கு ஏறியதில்லை. ஆறு நாள்களுக்கு முன் ஆக்சிஜன் இன்றி ஏறிய மலோரி குழுவினர் எட்டிய உயரத்தைவிட இது சுமார் 100 மீட்டர் அதிகம். புரூஸின் கருவி பழுதடையவே, ஃபிஞ்ச் தமது ஆக்சிஜனை அவருடன் பகிர்ந்துகொண்டு பழுதைச் சரிசெய்தார். தோழரின் உயிரைக் கருதி, சிகரத்தை நோக்கிய பயணத்தை அங்கேயே கைவிட்டுத் திரும்பினார். எனினும், சொற்பொழிவு வருமானம் தொடர்பாக அமைப்பாளர்களுடன் எழுந்த பிணக்கால் 1924-ஆம் ஆண்டுப் பயணத்தில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. எவரெஸ்ட் அவருக்கு மீண்டும் வாய்க்கவில்லை.

அதன் பின் ஆய்வகமே அவரது களமாயிற்று. பனிக்கட்டியில் நீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் இடைவெளி மிகுந்த ஒழுங்கில் கோக்கப்பட்டுள்ளன. வளிமண்டல அழுத்தத்தைப் போல் 2,000 மடங்குக்கு மேல் அழுத்தினால், அந்த ஒழுங்கு மாறி, பனிக்கட்டி அடர்த்தி மிக்க வேறு வடிவங்களை அடைகிறது. படிகத்தின் உள்ளமைப்பு நிலையானது அன்று, புறவிசைக்கு ஏற்ப மாறக்கூடியது என்பதற்கு இது எளிய சான்று. ஃபிஞ்ச் ஆராய்ந்தது இதற்கு நெருங்கிய மற்றொரு கேள்வி: ஒரு பொருளின் மேற்பரப்பில் படிக அமைப்பு எவ்வாறு மாறுகிறது?

இதற்கு எலக்ட்ரான் விளிம்பு விளைவு முறையை அவர் கையாண்டார். எலக்ட்ரான் கற்றை பொருளுக்குள் ஆழமாக ஊடுருவாது. ஆகவே அது தரும் படம் மேற்பரப்பின் அமைப்பையே காட்டும். ஓர் உலோகத்தின் மீது படியும் மிக மெல்லிய படலம், தனக்கு இயல்பான அணு இடைவெளியை விட்டு, அடியில் உள்ள படிகத்தின் இடைவெளிக்கு ஏற்பத் தன்னை வளைத்துக்கொள்வதை 1930-களில் குவாரெல் என்பவருடன் இணைந்து அவர் விளக்கினார். மெருகேற்றும்போது உலோகப் பரப்பின் படிக ஒழுங்கு சிதைவதையும் ஆராய்ந்தார். எந்திரங்களின் தேய்மானத்தைப் புரிந்துகொள்ள இவ்வாய்வு உதவியது. 1938-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரான அவர், 1944-இல் அதன் ஹியூஸ் பதக்கத்தைப் பெற்றார்.

புனேயில் தேசிய வேதியியல் ஆய்வகத்தைப் பிரதமர் ஜவாஹர்லால் நேரு 1950-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் தேதி திறந்து வைத்தார். முதல் இயக்குநர் மெக்பெய்னை அடுத்து, 1952-இல் ஃபிஞ்ச் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு வயது 60-ஐக் கடந்திருந்தது. நிர்வாகத்தோடு நில்லாமல், இளம் இந்திய விஞ்ஞானிகளுடன் சேர்ந்து ஆய்விலும் ஈடுபட்டார். இரும்பு ஆக்சைடு ஒரு படிக வடிவத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறும் விதத்தை கே.பி. சின்ஹாவுடன் ஆராய்ந்தார். மாங்கனீசு கலந்த ஆக்சைடுகளில் படிகம் உருக்குலைவதற்கான காரணத்தை ஏ.பி.பி. சின்ஹாவும் உடன் சேர ஆராய்ந்தார். இவ்வாய்வுகள் 1957-இல் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியாயின.

அதே ஆண்டு அவர் விடைபெற்றபோது, சென்னையில் பிறந்த சாய வேதியியல் அறிஞர் கே. வெங்கட்ராமன் இயக்குநரானார். அப்பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் அவரே.

நாடு திரும்பிய ஃபிஞ்சை, 1959-இல் லண்டன் ஆல்பைன் கிளப் தனது தலைவராக்கியது. 1970-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் தேதி அவர் காலமானார். ஒரு காலத்தில் நகைப்புக்குள்ளான ஆக்சிஜன் உருளையும் மென்சிறகு அங்கியும் இன்று எவரெஸ்ட் ஏறுவோரில் பெரும்பாலோரின் இன்றியமையா உடைமைகளாக உள்ளன. அவர் வழிநடத்திய புனே ஆய்வகம், நாட்டின் முன்னணி வேதியியல் ஆய்வு நிறுவனங்களுள் ஒன்றாகத் தொடர்ந்து இயங்கி வருகிறது.